குவார்ட்ஸ் சில்லும் ஐம்பது ஓமும்

ஹாம் வானொலிக்காரர்களுக்கு இருபது மீட்டர் பட்டை என்பது 14.000 முதல் 14.350 மெகாஹெர்ட்ஸ் வரை. கண்டம் விட்டுக் கண்டம் பேச ஆசைப்படுபவர்கள் எல்லாரும் அந்த 350 கிலோஹெர்ட்ஸுக்குள் நெருக்கியடித்துக்கொள்ள வேண்டும். எஸ்.எஸ்.பி., அதாவது ஒற்றைப் பக்கப்பட்டை முறையில் ஒரு குரலுக்குச் சுமார் 2.4 கிலோஹெர்ட்ஸ் அகலம் போதும். ஆனால் அந்த 2.4ஐ மட்டும் உள்ளே விட்டு, ஒட்டினாற்போல் பக்கத்தில் பேசுகிறவரை வெளியே நிறுத்த ரிசீவருக்குத் தெரிய வேண்டும். காயிலும் கெபாசிட்டரும் சேர்ந்த சுற்றால் இது ஆகாது. எவ்வளவு பார்த்துப் பார்த்துச் சுற்றினாலும் காயிலின் தரக்காரணி, அதாவது க்யூ, இருநூறைத் தாண்டுவது கஷ்டம். சூப்பர்ஹெட் ரிசீவர் வரும் அலையை முதலில் ஒரு நிலையான அதிர்வெண்ணுக்கு மாற்றி, அங்கேதான் வடிகட்டும். அது பத்து மெகாஹெர்ட்ஸ், க்யூ 200 என்றால் அகலம் 50 கிலோஹெர்ட்ஸ். ஒருவரைக் கேட்க உட்கார்ந்தால் இருபது பேர் சேர்ந்து பேசுவார்கள்.

இங்கேதான் குவார்ட்ஸ் வருகிறது. 1880இல் பாரிஸில் ழாக் கியூரியும் அவர் தம்பி பியர் கியூரியும், சில படிகங்களை அழுத்தினால் அவற்றின் முகங்களில் மின்னூட்டம் தோன்றுவதைக் கண்டார்கள். அப்படியானால் மின்னழுத்தம் கொடுத்தால் படிகம் நெளிய வேண்டும் என்று அடுத்த வருடம் இயற்பியலாளர் லிப்மன் கணக்குப் போட்டுச் சொன்னார். கியூரி சகோதரர்கள் சோதித்துப் பார்த்தார்கள், நெளிந்தது. நாற்பது வருடம் கழித்து அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் வால்டர் கேடி, குவார்ட்ஸ் தகட்டை வானொலி அதிர்வெண்ணில் அதிரவைத்து, அது தன் அதிர்வெண்ணைவிட்டு நகர மறுப்பதைக் காட்டினார். இன்றைக்குக் கடையில் வாங்கும் பத்து மெகாஹெர்ட்ஸ் படிகத்தின் தகர மூடியைப் பிரித்தால், உள்ளே 0.17 மில்லிமீட்டர் தடிமனில் ஒரு சில்லு இருக்கும். அதன் க்யூ ஒரு லட்சத்தை எட்டும். அந்தச் சாமானின் விலையோ சில ரூபாய்.

விலை எப்போதும் அப்படி இருக்கவில்லை. 1932இல் ஜேம்ஸ் லாம்ப், க்யூ.எஸ்.டி. இதழில் ஒற்றைப் படிகம் வைத்த ரிசீவரை வெளியிட்டபோது படிகம் ஓர் ஆடம்பரம். இரண்டாம் உலகப் போரில் ராணுவ வானொலிகளுக்காகக் கோடிக்கணக்கில் படிகங்கள் வெட்டப்பட்டன. பிரேசிலில் தோண்டிய இயற்கைக் குவார்ட்ஸ்தான் மூலப்பொருள். பிறகு உலையில் வளர்த்த செயற்கைக் குவார்ட்ஸ் வந்தது. கலர் டிவிக்கு ஒரு படிகம், மைக்ரோபிராசசருக்கு ஒரு படிகம் என்று தேவை பெருக, விலை தரைமட்டத்துக்கு இறங்கியது. ஹாம்கள் இதைச் சும்மா விடவில்லை. கடிகாரத் துடிப்புக்காகச் செய்த படிகங்களை நான்கைந்து வரிசையாகக் கோத்து, இடையிடையே கெபாசிட்டரைத் தரைக்கு இறக்கினால் அருமையான வடிகட்டி கிடைக்கும். ஏணி வடிவில் இருப்பதால் அதை லேடர் ஃபில்டர் என்கிறார்கள். எல்லாப் படிகமும் ஒரே அதிர்வெண்ணில் இருக்கலாம் என்பதுதான் இதன் பெரிய வசதி. பழைய லேட்டிஸ் வகைக்கு வெவ்வேறு அதிர்வெண்ணில் விசேஷமாக வெட்டிய படிகங்கள் வேண்டும்.

இந்தியாவில் இதற்கு ஒரு நல்ல உதாரணம் உண்டு. ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷ்ஹர் ஃபர்ஹான் 2003இல் பிட்எக்ஸ்-20 என்ற டிரான்ஸ்சீவரின் வரைபடத்தை எல்லாருக்கும் பொதுவாக வெளியிட்டார். இங்கே கிடைக்கும் டிரான்சிஸ்டர்கள், காயில் சுற்றக் குழாய்க்குப் போடும் வாஷர், வடிகட்டிக்குப் பத்து மெகாஹெர்ட்ஸ் கடிகாரப் படிகம் நான்கு: அவ்வளவுதான் பொருள். சென்னை ரிச்சி தெருவிலோ ஹைதராபாத்திலோ வாங்கிய சாமானை வைத்தே உலகத்தோடு பேசலாம் என்று ஆயிற்று. ஆனால் அந்த நான்கு படிகமும் சரியான நான்குதானா, கோத்த பிறகு வடிகட்டி என்ன வடிவத்தில் இருக்கிறது என்று பார்க்க அப்போது பெரும்பாலானவர்களிடம் வழியில்லை. வானொலியை ஆன் செய்து காதால்தான் கேட்டார்கள். காது ஒன்றும் மோசமான கருவி இல்லை. ஆனால் அது எண் சொல்லாது.

எண் சொல்லும் கருவிக்கு நெட்வொர்க் அனலைசர் என்று பெயர். சோதிக்க வேண்டிய பொருளுக்குள் தெரிந்த ஓர் அலையை அனுப்பி, எவ்வளவு திரும்பி வருகிறது, எவ்வளவு மறுபக்கம் போகிறது என்று வீச்சு, கட்டம் இரண்டையும் அளக்கும். முன்பு ஆய்வகங்களில் மட்டுமே இருந்தது; 1984இல் ஹியூலெட் பேக்கர்டு கொண்டுவந்த 8510 ஓர் அலமாரியையே அடைத்துக்கொள்ளும். பின்னர் 2016ஐ ஒட்டி ஜப்பானில் எடி555 என்ற புனைபெயரில் இயங்கும் வடிவமைப்பாளர், சட்டைப்பைக்குள் போகிற ஒன்றைச் செய்து, சுற்றையும் நிரலையும் பொதுவில் வைத்தார். 2019இல் சீனாவில் ஹூகன் என்ற பெயரில் அறியப்படுபவர் அதை மேம்படுத்திப் பெருமளவில் கிடைக்கச் செய்தார். அதுதான் நானோ வி.என்.ஏ. இன்று சில ஆயிரம் ரூபாய்க்கு வீட்டு வாசலுக்கே வருகிறது.

இதன் உட்புறம் ரசிக்கத்தக்கது. அலையை உண்டாக்குவது எஸ்ஐ5351 என்ற சிப். அதுவும் கடிகாரத் துடிப்புக்காகச் செய்த மலிவுச் சாமான்தான். அனுப்பிய அலை, திரும்பிய அலை, கடந்துபோன அலை மூன்றையும் எஸ்ஏ612 என்ற மிக்சர்கள் மூன்று, சில கிலோஹெர்ட்ஸ் உயரத்துக்குக் கீழிறக்குகின்றன. அந்த உயரம் நம் காதுக்கு எட்டும் ஒலியின் உயரம். எனவே மீதி அளவை எல்லாம் ஒரு சாதாரண ஆடியோ சிப் செய்துவிடுகிறது. மெகாஹெர்ட்ஸைக் கேட்கும் ஒலிக்கு இறக்கி அளப்பது என்றால் சூப்பர்ஹெட் ரிசீவரின் வேலை. வானொலி வடிகட்டியை அளக்கும் கருவியே உள்ளுக்குள் ஒரு வானொலி.

பெட்டியைப் பிரித்ததும் எல்லாரும் செய்வது, படிகத்தை இரண்டு போர்ட்டுக்கும் நடுவில் செருகித் திரையைப் பார்ப்பது. திரையில் ஒன்றும் இருக்காது. கருவி வரும்போதே 50 கிலோஹெர்ட்ஸிலிருந்து 900 மெகாஹெர்ட்ஸ் வரை ஸ்வீப் செய்யும்படி வைத்திருப்பார்கள். அந்த நீளத்தை அது 101 புள்ளிகளாக வெட்டி அளக்கிறது. ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் இடையே ஒன்பது மெகாஹெர்ட்ஸ்! நம் வடிகட்டியின் மொத்த அகலமே 2.4 கிலோஹெர்ட்ஸ், அது இரண்டு புள்ளிகளுக்கு நடுவே தடயமின்றி மறைந்துவிடும். கருவி பொய் சொல்லவில்லை. அந்த இடத்தைப் பார்க்கும்படி நாம் சொல்லவில்லை.

ஆகவே முதல் வேலை, ஸ்பானை, அதாவது ஸ்வீப் செய்யும் நீளத்தைச் சுருக்குவது. பத்து மெகாஹெர்ட்ஸை நடுவில் வைத்து 50 கிலோஹெர்ட்ஸ் ஸ்பான் கொடுத்தால் உச்சி எங்கே என்று தெரியும். பிறகு அந்த உச்சியை நடுவில் வைத்து 2 கிலோஹெர்ட்ஸாகக் குறைத்தால் புள்ளிக்குப் புள்ளி 20 ஹெர்ட்ஸ். இனி எண்களை நம்பலாம். ஸ்பானைச் சுருக்கிய பிறகுதான் காலிபரேஷன் செய்ய வேண்டும். ஓப்பன், ஷார்ட், லோட், த்ரூ என்ற நான்கையும் வரிசையாக மாட்டி, இதுதான் திறப்பு, இதுதான் குறுக்கிணைப்பு, இதுதான் ஐம்பது ஓம், இதுதான் நேர்வழி என்று கருவிக்குக் கற்றுக்கொடுப்பதே காலிபரேஷன். அகலமான ஸ்பானில் செய்த காலிபரேஷனைக் குறுகிய ஸ்பானுக்கு இழுத்தால் கருவி இடைப்புள்ளிகளை ஊகித்து நிரப்பும். ஊகம் சில சமயம் சரியாக இருக்கும். நமக்குச் சில சமயம் போதாது. இன்னொன்று: கருவியின் வாயில் காலிபரேட் செய்துவிட்டு அப்புறம் அரை மீட்டர் கேபிளும் கிளிப்பும் சேர்ப்பவர்கள், அந்தக் கேபிளையும் கிளிப்பையும் சேர்த்தே அளக்கிறார்கள். ஒரு சின்ன காப்பர் போர்டில் இரண்டு எஸ்.எம்.ஏ. கனெக்டரும் நடுவில் ஒரு ஐ.சி. சாக்கெட் துண்டும் சால்டர் செய்து வைத்துக்கொண்டால், த்ரூவை அந்தச் சாக்கெட்டிலேயே ஒரு கம்பித்துண்டால் செய்யலாம். அரை மணி நேர வேலை, ஆயுசுக்கும் உதவும்.

இப்போது ஒரு படிகம். மின்சுற்றுக் கண்ணோடு பார்த்தால், குவார்ட்ஸ் சில்லு என்பது ஒரு காயில், ஒரு கெபாசிட்டர், ஒரு ரெசிஸ்டர் மூன்றும் தொடராக இணைந்தது. அதற்குக் குறுக்கே இன்னொரு கெபாசிட்டர். பட்டர்வொர்த் 1914இல் தொடங்கி வைத்த இந்த மாதிரியை, கேடியின் மாணவர் வான் டைக் 1925இல் குவார்ட்ஸுக்குப் பொருத்தினார். இதில் வரும் எண்கள் முதல் தடவை பார்ப்பவரைத் திகைக்க வைக்கும். பத்து மெகாஹெர்ட்ஸ் படிகம் ஒன்றுக்குக் காயில் 18.8 மில்லிஹென்றி, கெபாசிட்டர் 0.0135 பிக்கோஃபாரட், ரெசிஸ்டர் 12 ஓம் என்று வரலாம். அந்தக் காயிலைக் கம்பியால் சுற்றி, பத்து மெகாஹெர்ட்ஸில் வேலை செய்யவைக்க யாராலும் முடியாது. அந்தக் கெபாசிட்டரையோ செய்யவே முடியாது. அருகருகே கிடக்கும் இரண்டு கம்பிகளுக்கு இடையே அதைவிட அதிகம் இருக்கும். இவை நிஜமான காயிலோ கெபாசிட்டரோ அல்ல. சில்லின் எடை காயிலாகவும் அதன் விறைப்பு கெபாசிட்டராகவும் மின்சுற்றுக்குத் தெரிகின்றன. குறுக்கே உள்ள நான்கு பிக்கோஃபாரட் மட்டும் அசல்: சில்லின் இருபுறமும் பூசிய உலோகமும் கால்களும் சேர்ந்து செய்வது.

இந்த நான்கு எண்ணையும் நானோ வி.என்.ஏ.வில் எடுப்பது ஆச்சரியப்படும் அளவுக்கு எளிது. கருவியின் இரண்டு போர்ட்டும் ஐம்பது ஓம். படிகத்தைத் தொடரில் வைத்தால், உச்சியில் காயிலும் கெபாசிட்டரும் ஒன்றையொன்று ரத்து செய்துவிட, வழியில் நிற்பது அந்த 12 ஓம் மட்டும். மொத்தம் 100 ஓம் இருந்த இடத்தில் 112 ஓம். திரையில் உச்சி பூஜ்யத்துக்கு ஒரு டெசிபெல் கீழே நிற்கும். ஒரு டெசிபெல்லைப் பார்த்து 12 ஓம் என்று திருப்பிக் கணக்கிடலாம். பிறகு உச்சியிலிருந்து இரண்டு பக்கமும் 3 டெசிபெல் இறங்கும் இடங்களில் மார்க்கரை வைத்து, இடைவெளியைப் படிக்க வேண்டும். நம் படிகத்துக்கு அது 950 ஹெர்ட்ஸ். 112ஐ, 950ஆலும் இரண்டு பையாலும் வகுத்தால் 0.0188 ஹென்றி. காயில் கிடைத்துவிட்டது. உச்சி அதிர்வெண் தெரியும். எனவே கெபாசிட்டரும் கிடைத்தது. உச்சிக்கு மேலே 17 கிலோஹெர்ட்ஸ் தள்ளி ஆழமான ஒரு பள்ளம் தெரியும். படிகமும் குறுக்குக் கெபாசிட்டரும் சேர்ந்து வழியை அடைக்கும் இடம் அது. அந்தத் தூரத்திலிருந்து நான்காவது எண்ணும் வந்துவிடும். புதிய ஃபர்ம்வேரில் இந்தக் கணக்கை எல்லாம் கருவியே போட்டுத் திரையின் மூலையில் எழுதிவிடுகிறது. ஆனாலும் ஒரு படிகத்துக்காவது கையால் போட்டுப் பார்ப்பது நல்லது. எந்த எண் உறுதியானது, எது தள்ளாடுவது என்று அப்போதுதான் புரியும்.

காயில் உறுதியானது. அகலத்தை 10 ஹெர்ட்ஸ் தப்பாகப் படித்தாலும் பிழை நூற்றுக்கு ஒன்றுதான். ரெசிஸ்டர் அப்படி இல்லை. உச்சியில் 0.1 டெசிபெல் தவறினால் 12 ஓமில் ஒன்றேகால் ஓம் போய்விடும். பத்து சதவீதத்துக்கும் மேல். நூறு ஓமுக்கு நடுவே பன்னிரண்டு ஓமைத் தேடுவதால் வரும் சிக்கல் இது. இதனால்தான் படிகம் அளப்பவர்கள் போர்ட்டுக்கும் படிகத்துக்கும் இடையில் ரெசிஸ்டர்கள் வைத்து ஐம்பது ஓமைப் பன்னிரண்டரை ஓமாக இறக்குவார்கள். அப்போது 12 ஓமின் இழப்பு ஒரு டெசிபெல்லில் இருந்து 3.4 டெசிபெல்லாகப் பெரிதாகி, அதே 0.1 டெசிபெல் தவறு அரை ஓமுக்கும் கீழே சுருங்கும். அகலமும் 950இலிருந்து 314 ஹெர்ட்ஸுக்கு ஒடுங்கும். படிகத்தின் உள்ளே எதுவும் மாறவில்லை. அதைச் சுற்றி நாம் வைத்த ரெசிஸ்டர் மாறியது. அதோடு வளைவும் மாறியது. இந்த விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால், வடிகட்டியை அளக்கும்போது வரும் குழப்பங்களில் பாதி வராது.

வடிகட்டிக்குப் படிகங்களை ஜோடி சேர்ப்பதற்கு, ஒரே பெட்டியில் வந்த இருபது முப்பது படிகங்களை வாங்கி, ஒவ்வொன்றின் உச்சியையும் எழுதி, ஐம்பது ஹெர்ட்ஸுக்குள் நெருங்கி நிற்கும் நான்கைப் பொறுக்க வேண்டும். படிகத்தின் மேல் அச்சிட்ட 10.000 என்ற எண்ணை நம்புவதில் அர்த்தமில்லை. அது நூறு ஹெர்ட்ஸ் துல்லியத்தைப் பற்றி எந்த வாக்குறுதியும் தரவில்லை. கருவியின் சொந்தக் கடிகாரம் கொஞ்சம் தள்ளியிருந்தாலும் பாதகமில்லை, எல்லாப் படிகத்துக்கும் ஒரே தள்ளல்தான். விரல் சூடு அப்படி அல்ல. படிகத்தைப் பிடித்துச் சாக்கெட்டில் செருகிய உடனே பார்த்தால் மார்க்கர் மெல்ல நகர்ந்துகொண்டிருப்பது தெரியும். பத்துப் பதினைந்து ஹெர்ட்ஸ் நகர்ந்து, அப்புறம் நிற்கும். இடுக்கியால் எடுத்து வைத்து, நின்ற பிறகு எழுதுவதே சரி. ஒரே அதிர்வெண்ணில் இருந்தும் உச்சி மட்டும் மற்றதைவிட ஒரு டெசிபெல் தாழ்ந்து நிற்கும் படிகம் சிலசமயம் அகப்படும். அது க்யூ குறைந்தது. கடிகாரத்துக்கு உதவும், வடிகட்டிக்கு வேண்டாம்.

வேகமும் ஒரு பொறி. கருவி ஒரு புள்ளியிலிருந்து அடுத்த புள்ளிக்குத் தாவும்போது படிகம் உடனே தாவுவதில்லை. ஆடும் ஊஞ்சலை வேறொரு தாளத்தில் தள்ள ஆரம்பித்தால், பழைய ஆட்டம் அடங்கிப் புதிய தாளத்துக்கு வரக் கொஞ்ச நேரம் எடுக்கும் அல்லவா? க்யூ ஏற ஏற அந்த நேரம் நீளும். தனியாக விட்ட நம் படிகத்துக்கு அது மூன்று மில்லிநொடி. ஐம்பது ஓமுக்கு நடுவே மூன்றில் ஒரு மில்லிநொடிதான். ஆனால் மோர்ஸுக்காகச் செய்யும் 300 ஹெர்ட்ஸ் வடிகட்டியில் பல மில்லிநொடி ஆகிவிடும். கருவி அதற்குள் அளந்துவிட்டுப் போய்விட்டால் வளைவு ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஓரத்தில் இல்லாத சுருக்கங்கள் எல்லாம் தோன்றும். சோதிக்க எளிய வழி உண்டு. அளவைப் பட்டையகலத்தை மெனுவில் குறைத்து, ஸ்வீப்பை மெதுவாக்கி மறுபடி பாருங்கள். வளைவு மாறினால் முதலில் பார்த்தது தவறு. மாறாத வரைக்கும் மெதுவாக்கிக்கொண்டே போக வேண்டும்.

இனி வடிகட்டி. பொறுக்கிய நான்கு படிகங்களை வரிசையாக வைத்து, இடையில் உள்ள மூன்று சந்திகளிலும் 80 பிக்கோஃபாரட்டைத் தரைக்கு இறக்கியதாக வைத்துக்கொள்வோம். நம் 18.8 மில்லிஹென்றிப் படிகத்துக்கு இது ஏறக்குறைய 2.4 கிலோஹெர்ட்ஸ் அகலம் தரும். ஆசையாக நானோ வி.என்.ஏ.வில் மாட்டினால் திரையில் தெரிவது தட்டையான மேசை இல்லை. நான்கு கூர்மையான முகடுகள், நடுநடுவே ஆழமான பள்ளங்கள். படிகத்தில் தப்பா, சால்டரிங்கில் தப்பா என்று பிரித்து மேயத் தொடங்குபவர்கள் பலர். இரண்டிலும் தப்பில்லை. இந்த வடிகட்டி இரு முனையிலும் சுமார் 200 ஓமை எதிர்பார்த்துச் செய்தது. 80 பிக்கோஃபாரட்டின் எதிர்ப்பு பத்து மெகாஹெர்ட்ஸில் எவ்வளவோ, இந்த வகையில் முனைத்தடையும் ஏறக்குறைய அவ்வளவுதான். கருவி கொடுப்பதோ 50 ஓம். நான்கு படிகங்களும் ஒன்றோடொன்று பிணைந்து நான்கு அதிர்வெண்ணில் ஒலிக்கின்றன. அவற்றைத் தட்டையாக அமுக்கிப் பிடிப்பது முனையில் உள்ள ரெசிஸ்டர்தான். அது போதாவிட்டால் நான்கும் தனித்தனியே தலைதூக்கும்.

மருந்து ஒரு ரூபாய் சமாச்சாரம். இரண்டு பக்கமும் 150 ஓம் ரெசிஸ்டரைத் தொடரில் போட்டால் வடிகட்டி காண்பது 200 ஓம். முகடுகள் இறங்கி, பள்ளங்கள் ஏறி, திரையில் மேசை விரியும். ஆனால் அது மைனஸ் 12 டெசிபெல்லுக்கும் கீழே கிடக்கும். வடிகட்டியின் இழப்பு என்று அதை எழுதிவிடக் கூடாது. வடிகட்டியே இல்லாவிட்டாலும் அந்த 300 ஓம் மட்டுமே 12 டெசிபெல்லைத் தின்னும். ரெசிஸ்டர்கள் இருக்கும்போதே, வடிகட்டியின் இடத்தில் ஒரு கம்பியை வைத்து த்ரூ காலிபரேஷனை மட்டும் மறுபடி செய்தால் இந்தக் கழித்தல் தானாக நடந்துவிடும். ரெசிஸ்டர் பிடிக்காதவர்கள் சின்ன ஃபெரைட் வளையத்தில் ஒன்றுக்கு இரண்டு சுற்று விகிதத்தில் டிரான்ஸ்ஃபார்மர் சுற்றுகிறார்கள். 50 ஓம் 200 ஆகும், சிக்னலும் வீணாகாது. எனக்கு ரெசிஸ்டர்தான் பிடிக்கும். டிரான்ஸ்ஃபார்மருக்கென்று சொந்தக் குணங்கள் உண்டு, அளக்கும் இடத்தில் இன்னொரு சந்தேகம் எதற்கு?

ரெசிஸ்டரை மாற்றிப் பார்ப்பது நல்ல பொழுதுபோக்கும்கூட. 150க்குப் பதில் 100 ஓம் போட்டால் மேசையில் மேடுபள்ளம் லேசாகத் தெரியும். 270 போட்டால் முனைகள் மழுங்கி, மேசை குன்றாகும். இரண்டு பக்கமும் ஆளுக்கொரு 500 ஓம் டிரிம்பாட்டைப் போட்டுத் திருகிக்கொண்டே திரையைப் பார்த்தால், பக்கம் பக்கமாகச் சமன்பாடு படித்தும் பிடிபடாதது பத்து நிமிடத்தில் பிடிபடும். வடிகட்டிக்கென்று தனியாக ஒரு வளைவு கிடையாது. இந்த ரெசிஸ்டருக்கும் அந்த ரெசிஸ்டருக்கும் நடுவில் அதற்கு ஒரு வளைவு, அவ்வளவுதான்.

மேசை தட்டையான பிறகு அதன் இரண்டு சரிவுகளையும் பாருங்கள். ஒன்றுபோல் இருக்காது. கீழ்ப்பக்கம் சாவகாசமாக இறங்கும், மேல்பக்கம் செங்குத்தாக விழும். தனிப்படிகத்தில் உச்சிக்கு மேலே பார்த்த அந்தப் பள்ளத்தின் வேலை இது. அது மேல் சரிவைக் கீழே இழுக்கிறது. இதை வானொலியில் பயன்படுத்திக்கொள்ளலாம். எஸ்.எஸ்.பி.யில் குரலைச் சுமக்கும் அலையான கேரியர் மேசையின் ஓரத்தைத் தாண்டி நிற்கும். அதன் அந்தப்புறத்தில் இருக்கும் வேண்டாத பக்கப்பட்டையை வடிகட்டி ஒழிக்க வேண்டும். கேரியரைச் செங்குத்தான மேல் சரிவின் பக்கம் வைத்தால் ஒழிப்பு சுத்தமாக இருக்கும். எவ்வளவு சுத்தம் என்பதை மார்க்கர் டெசிபெல்லில் சொல்லும்.

தடுக்கும் ஆழம் எவ்வளவு என்ற கேள்வியில்தான் மலிவுக் கருவியின் எல்லை தெரிகிறது. பத்து மெகாஹெர்ட்ஸில் நானோ வி.என்.ஏ. சுமார் 70 டெசிபெல் ஆழம் வரை பார்க்கும். அதற்குக் கீழே அது காட்டுவது தன் சொந்த இரைச்சலை. ரெசிஸ்டர் வைத்து அளந்தால் அதில் 12 டெசிபெல் முன்கூட்டியே போய்விடும். இருந்தாலும் பெரும்பாலான வீட்டு வடிகட்டிகள் கருவியின் எல்லையைத் தொடுவதற்கு முன்பே நின்றுவிடுகின்றன. காரணம் போர்டு. வடிகட்டியின் நுழைவிலிருந்து வெளியேறும் முனைக்கு, படிகங்களைச் சுற்றிக்கொண்டு ஒரே ஒரு பிக்கோஃபாரட் கசிவு இருந்தால் போதும், 200 ஓம் அமைப்பில் தடுப்பு 32 டெசிபெல்லோடு முடிந்துவிடும். 70 டெசிபெல் வேண்டுமென்றால் கசிவு நூறில் ஒரு பிக்கோஃபாரட்டுக்குள் அடங்க வேண்டும். படிகங்களை வளைத்து அடுக்கி, நுழைவும் வெளியும் பக்கத்துப் பக்கத்தில் வரும்படி அழகாகச் செய்த போர்டில் இது நடக்காது. நேர்கோட்டில் வைத்து, ஒவ்வொரு படிகத்தின் தகர மூடியையும் தரையோடு சால்டர் செய்து, தேவைப்பட்டால் நடுவில் ஒரு தகரச் சுவர் எழுப்ப வேண்டும். மூடியில் நேரம் நீட்டிச் சால்டர் வைத்தால் உள்ளே சில்லைப் பிடித்திருக்கும் பிசின் கெடும்; தொட்டு எடுக்க வேண்டும். மூடிகளைத் தரையிடுவதற்கு முன்னும் பின்னும் ஸ்வீப்பைச் சேமித்து ஒப்பிட்டால் அந்தச் சிறு வேலையின் மதிப்பு திரையிலேயே தெரியும்.

பிறகு ஸ்பானை ஐந்நூறு கிலோஹெர்ட்ஸுக்கு விரித்து ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். குவார்ட்ஸ் சில்லு ஒரே விதமாக மட்டும் அதிர்வதில்லை. முக்கிய அதிர்வுக்கு மேலே சில பத்து, சில நூறு கிலோஹெர்ட்ஸ் தள்ளிச் சின்னச் சின்ன உபரி அதிர்வுகள் உண்டு. படிகங்கள் எல்லாம் ஒரே பெட்டியில் வந்தவை என்றால் உபரிகளும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் விழுந்து, வடிகட்டியில் ஒரு பொந்தைத் திறந்துவிடும். அகல ஸ்பானில் புள்ளிகள் தள்ளித் தள்ளி விழுவதால் கருவி அவற்றைத் தாண்டிக் குதித்துவிடக்கூடும். துண்டு துண்டாகத்தான் பார்க்க வேண்டும். கணினியில் ஓடும் நானோவி.என்.ஏ.-சேவர் என்ற இலவச நிரல் அந்தத் துண்டுகளைத் தைத்து ஆயிரக்கணக்கான புள்ளிகள் உள்ள ஒரே படமாகத் தருகிறது. இந்தக் கருவியின் ஒரு போர்ட்தான் அனுப்பும், மற்றது கேட்கும் மட்டும். மறுதிசையில் பார்க்க வேண்டுமானால் வடிகட்டியைத்தான் திருப்பி மாட்ட வேண்டும்.

பலமான இரண்டு நிலையங்கள் ஒரே நேரத்தில் உள்ளே வந்தால் படிகம் என்ன செய்யும் என்பதை நானோ வி.என்.ஏ. காட்டாது. ஒரே அலையை அனுப்பி ஒரே அலையைக் கேட்கும் கருவியிடம் அதை எதிர்பார்க்கவும் முடியாது. அது வேறு கருவியின் வேலை.

வேலை மேசையில் அளந்து திருப்தியான வடிகட்டியை வானொலிக்குள் சால்டர் செய்தால், அதன் இருபுறமும் இனி கருவியின் ஐம்பது ஓமும் இல்லை, நம் 150 ஓமும் இல்லை. டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையர்கள்தான் இருக்கும். அவற்றின் தடை வரைபடத்தில் போட்டபடி இருக்கலாம், இல்லாமலும் போகலாம். கடைசிச் சோதனைக்குக் கருவியே வேண்டாம். ஆன்டெனாவை மாட்டி, யாரும் பேசாத அதிர்வெண்ணில் நிறுத்தி, ஸ்பீக்கரில் வரும் வெறும் இரைச்சலை போனில் உள்ள ஆடியோ ஸ்பெக்ட்ரம் ஆப்புக்குக் கொடுங்கள். இரைச்சலில் எல்லா அதிர்வெண்ணும் ஏறக்குறைய சமமாக இருப்பதால், வடிகட்டியின் வடிவம் போன் திரையில் அப்படியே வந்து நிற்கும். 300 ஹெர்ட்ஸில் ஏறி 2,700இல் இறங்கினால் முனைத்தடை சரியாக இருக்கிறது. நடுவில் முகடும் பள்ளமும் வந்தால் ஆம்ப்ளிஃபையரின் முனையில் உள்ள ரெசிஸ்டரைக் கவனிக்க வேண்டும். வடிவம் சரியாக இருந்து 600 ஹெர்ட்ஸில்தான் ஏறத் தொடங்குகிறது என்றால் வடிகட்டியில் கை வைக்க வேண்டாம். கேரியர் ஆசிலேட்டரின் டிரிம்மரை ஒரு மயிரிழை திருப்பி, 300 ஹெர்ட்ஸ் நகர்த்தினால் போதும்.